வெளிநாட்டுக்குக் குடிபெயரும் ஃப்ரீலான்சர்: தொழிலை எந்த நாட்டில் வைத்துக்கொள்வது? முழுமையான வழிகாட்டி

ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்கள் வெளிநாடு போக முடிவெடுத்ததும் முதலில் கேட்பது, "எந்த நாட்டில் வரி குறைவு?" என்பதுதான். அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். எந்த நாட்டு விசா உங்களைச் சொந்தத் தொழில் செய்ய விடுகிறது என்பது முதல் கேள்வி. உங்கள் கிளையன்ட்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தாலே பாதி நாடுகள் பட்டியலிலிருந்து தானாகப் போய்விடும். வரிக் கணக்கை மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நாடுகளுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால் போதும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மென்பொருள், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, எழுத்து, ஆலோசனை என்று லேப்டாப்பை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். இங்கே தரும் எண்களில் சில ஆண்டுதோறும் மாறுபவை. விண்ணப்பிக்கும்போது அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

படி 1: யாருடைய விசாவில் போகிறீர்கள்?

நம்மவர்களில் பலர் தனியாகப் போவதில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது, மற்றவர் தன் ஃப்ரீலான்ஸ் தொழிலையும் எடுத்துக்கொண்டு கூடவே போகிறார். இப்படிப் போகிறவருக்கு நாட்டுக்கு நாடு நிலைமை தலைகீழாக மாறுகிறது.

ஜெர்மனியில் புளூ கார்டில் (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதி) இருப்பவரின் துணை, அதாவது கணவனோ மனைவியோ, எந்த வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் நடத்தலாம். தனி அனுமதி வேண்டாம். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவரின் துணைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த விசாவை வைத்திருக்கும் நபரே ஃப்ரீலான்ஸ் செய்ய நினைத்தால் கட்டுப்பாடுகள் கடுமை. அமெரிக்காவில் எச்-4 விசாவில் (எச்-1பி பணியாளரின் துணைக்கானது) இருப்பவர் தனியாக வேலை அனுமதி அட்டை வாங்காமல் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. சிங்கப்பூரில் 2021 மே முதல், டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தினருக்கான அனுமதி) இருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால் தனக்கென்று ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்றாலும், அதற்கு உள்ளூர் ஆளை வேலைக்கு வைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து லோகோ வரைந்து கொடுப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

ஆகவே துணைக்கு இரண்டு நாடுகளிலிருந்து வேலை அழைப்பு வந்திருந்தால், சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு நாட்டில் உங்கள் தொழில் தொடரும். இன்னொரு நாட்டில் அது நின்றுபோகும். குடும்ப வருமானமாகக் கூட்டினால் குறைந்த சம்பளம் தரும் நாடே மேலாக இருக்கலாம். பெரும்பாலும் நிற்பது பெண்களின் தொழில் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"கிளையன்ட் இந்தியாவில், பணம் வருவது இந்திய வங்கிக் கணக்கில், அப்புறம் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான நாடுகளின் சட்டம், பணம் எங்கே வந்து சேர்கிறது என்பதைவிட நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. விசா விதியை மீறியது பின்னால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும்போது தெரிய வந்தால், சம்பாதித்ததைவிட இழப்பது அதிகம்.

படி 2: கிளையன்ட் பட்டியலை எடுத்து வையுங்கள்

தனியாகப் போகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இது. கடந்த ஓராண்டு இன்வாய்ஸ்களை எடுத்து, எந்த நாட்டிலிருந்து எத்தனை சதவீதம் வருமானம் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாட்டைத் தேர்ந்தெடுக்க இதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை.

காரணம், சில நாடுகள் உள்ளூர் கிளையன்ட் இருந்தால்தான் உங்களை விரும்பும். சில நாடுகள் உள்ளூர் கிளையன்ட் இருந்தால் விரும்பாது.

ஜெர்மனி முதல் வகை. அங்கே டிஜிட்டல் நோமாட் விசா (வெளிநாட்டு கிளையன்ட்களுக்கு இணையவழி வேலை செய்துகொண்டே தங்குவதற்கான விசா) என்று ஒன்று கிடையாது. குடியிருப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் சொந்தத் தொழிலுக்கான அனுமதி இருக்கிறது. அதன் 5ஆம் உட்பிரிவு ஃப்ரீலான்சர்களுக்கானது. விண்ணப்பத்தில் பட்டம், நிதித் திட்டம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். ஆனால் விண்ணப்பத்துக்கு உண்மையான பலம் தருவது, "இவருக்கு நாங்கள் வேலை தர விரும்புகிறோம்" என்று ஜெர்மன் நிறுவனங்கள் எழுதிக்கொடுக்கும் கடிதங்கள்தான். உங்கள் கிளையன்ட்கள் எல்லோரும் டெக்ஸாஸிலும் பெங்களூருவிலும் இருந்தால், ஜெர்மனியில் உட்கார்ந்து செய்ய என்ன அவசியம் என்ற கேள்வி வரும். 45 வயதைத் தாண்டியவர்கள் ஓய்வுக்கால ஏற்பாட்டுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். இந்தியர்கள் சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ள முடியாது, இங்கேயே தேசிய விசா வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஸ்பெயின் இரண்டாவது வகை. 2022 டிசம்பரில் வந்த ஸ்டார்ட்அப் சட்டம் தொலைதூரப் பணியாளர்களுக்கு ஒரு விசாவை உருவாக்கியது. அதில் வரும் ஃப்ரீலான்சர் ஸ்பெயின் நாட்டு நிறுவனங்களுக்கும் வேலை செய்யலாம், ஆனால் மொத்த வேலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ வேண்டும். வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்காவது இருக்க வேண்டும். போர்ச்சுகலின் டி8 விசா 2022 அக்டோபரில் தொடங்கியது. அதுவும் வெளிநாட்டு வருமானக்காரர்களுக்கானது, கேட்பது குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்கு. போர்ச்சுகலைப் பற்றிப் பழைய வீடியோக்களில் சொல்லப்படும் பெரிய வரிச்சலுகை 2024 முதல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நமக்கு அருகில் மலேசியா இருக்கிறது. டிஇ ரன்தாவ் என்ற நோமாட் பாஸ் 2022இல் தொடங்கியது. தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் போதும். மற்ற துறையினருக்கு 60,000 டாலர் கேட்கிறார்கள். ஓராண்டு வரை தருவார்கள், மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம். அப்புறம்? அங்கேதான் சிக்கல். அது நிரந்தரமாகக் குடியேறும் வழியில் போய்ச் சேராது. தாய்லாந்தின் டிடிவி விசாவும் (2024 ஜூலை முதல், ஐந்தாண்டு செல்லும், ஒருமுறை உள்ளே போனால் 180 நாள்) அப்படித்தான். இரண்டாண்டு இடம் மாறி வாழ்ந்து பார்க்க இவை நல்ல வழிகள். பிள்ளைகளின் பள்ளி, வீடு, ஓய்வுக்காலம் என்று நீளமாக யோசிப்பவர்களுக்குப் போதாது.

கனடாவின் சுயதொழில் குடியேற்றத் திட்டம் 2024 ஏப்ரல் 30 முதல் புதிய விண்ணப்பங்களை வாங்குவதை நிறுத்தியது. நெதர்லாந்தில் சொற்ப முதலீட்டோடு தொழில் தொடங்கிக் குடியேறலாம் என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்கர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் ஒப்பந்த வழியில் கிடைத்த சலுகை, நமக்குப் பொருந்தாது. ஆங்கிலத் தளங்களில் வரும் "சிறந்த 10 நாடுகள்" பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கடவுச்சீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு வரியையும் "இது இந்தியருக்கும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

படி 3: நிறுவனம் ஒரு நாட்டில், நீங்கள் ஒரு நாட்டில் – இது வேண்டாம்

எஸ்தோனியாவின் இ-ரெசிடென்சி 2014 டிசம்பரில் தொடங்கியது. சென்னையில் இருந்தபடியே விண்ணப்பித்து, டிஜிட்டல் அடையாள அட்டை வாங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனத்தை இணையத்திலேயே பதிவு செய்துவிடலாம். லாபத்தை நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருக்கும்வரை வரி கிடையாது, வெளியே எடுக்கும்போதுதான் வரி. 2025 முதல் அது 22 சதவீதம். கேட்க அருமையாக இருக்கிறது, நிர்வாகமும் உண்மையிலேயே சுத்தமானது.

ஆனால் அந்த அட்டை எஸ்தோனியாவில் வசிக்கும் உரிமையைத் தராது. உங்களை அந்நாட்டு வரிதாரராகவும் ஆக்காது. நீங்கள் மியூனிக்கில் வீடு எடுத்துத் தங்கி, அங்கிருந்தே ஒற்றை ஆளாக அந்த எஸ்தோனிய நிறுவனத்தை நடத்தினால், அதன் நிர்வாகம் நடக்கும் இடம் மியூனிக் என்று ஜெர்மன் வரித்துறை சொல்லும். நிறுவனத்தின் லாபத்துக்கும் அங்கேயே வரி கட்ட நேரிடும். இரண்டு நாட்டிலும் கணக்கு எழுத வேண்டும், இரண்டு கணக்காளருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டும். மிச்சம் ஒன்றும் இராது.

இந்தியாவில் இருக்கும்போதே இப்படி ஒரு நிறுவனம் தொடங்கினால் இன்னொரு விஷயமும் உண்டு. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு எடுப்பது அந்நிய முதலீட்டு விதிகளுக்குள் வருகிறது. வங்கி மூலம் முறையாகப் பதிந்து, ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டணம் கட்டி நிறுவனம் திறந்துவிட்டு இதை அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர்.

என் தீர்மானமான கருத்து: ஒற்றை ஆள் தொழிலுக்கு, நீங்கள் தூங்கி எழுகிற நாட்டில்தான் பதிவும் இருக்க வேண்டும். நாடு நாடாகச் சுற்றிக்கொண்டே இருப்பவருக்கும், பல நாட்டுப் பங்குதாரர்களோடு சேர்ந்து தொழில் செய்பவருக்கும் எஸ்தோனியா பயன்படலாம். ஓரிடத்தில் குடும்பத்தோடு தங்கப்போகிறவருக்கு அது தேவையில்லை.

படி 4: இப்போது வரிக் கணக்கு

துபாயையும் ஜெர்மனியையும் எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் அதிகம் ஒப்பிடுவது இப்படி இரண்டு முனையில் இருக்கும் நாடுகளைத்தான்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. 2023 ஜூனில் நிறுவன வரி வந்தது, 3,75,000 திர்ஹாமுக்கு மேலான லாபத்துக்கு 9 சதவீதம். தனிநபராகத் தொழில் செய்கிறவருக்கு ஆண்டு வரவு 10 லட்சம் திர்ஹாமைத் தாண்டினால்தான் இந்த வரியே பொருந்தும். வாட் (மதிப்புக் கூட்டு வரி) 5 சதவீதம், 3,75,000 திர்ஹாம் விற்றுமுதலுக்கு மேல் பதிவு கட்டாயம். ஃப்ரீலான்ஸ் அனுமதியை ஃப்ரீ ஸோன்களில் (தனி விதிகள் கொண்ட தொழில் மண்டலங்கள்) வாங்கலாம். பட்டப்படிப்பும், கடந்த இரண்டு ஆண்டுகளில் போதுமான ஃப்ரீலான்ஸ் வருமானமும் காட்ட முடிந்தால் ஐந்தாண்டு கிரீன் விசா கிடைக்கும்.

செலவுப் பக்கத்தையும் எழுதுங்கள். அனுமதிக் கட்டணம், விசா, காப்பீடு எல்லாம் உங்கள் பையிலிருந்துதான். வீட்டு வாடகையை ஆண்டுக்கு ஒன்று முதல் நான்கு காசோலைகளாக முன்கூட்டியே கேட்பார்கள். மாதச் சம்பளச் சான்றிதழ் இல்லாத ஃப்ரீலான்சருக்கு இது பெரிய தொகை. ஓய்வூதியம் கிடையாது. ஆகவே வரியில் மிச்சமாவதைச் சேமிப்பாக எடுத்து வைக்காதவருக்குத் துபாயில் லாபம் எதுவும் இல்லை.

ஜெர்மனியில் முதல் முடிவே வரித்துறையின் கையில் இருக்கிறது: நீங்கள் ஃப்ரைபெரூஃப்லரா (அறிவு, கலை சார்ந்த தொழில் செய்பவர்), கெவெர்பெயா (வணிகம்)? மருத்துவர், பொறியாளர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர், கலைஞர் போன்ற தொழில்கள் முதல் வகை. அவர்கள் வரி அலுவலகத்தில் பதிந்தால் போதும், வணிக வரி இல்லை. மற்றவர்கள் வணிகமாகப் பதிய வேண்டும், ஆண்டு லாபம் 24,500 யூரோவைத் தாண்டினால் வணிக வரியும் உண்டு. மென்பொருள் எழுதுபவர்கள் இந்த எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். கணினி அறிவியல் பட்டமும், செய்யும் வேலை பொறியாளர் வேலை போன்றதுதான் என்று காட்டும் ஒப்பந்தங்களும் இருந்தால் முதல் வகைக்கு வாய்ப்பு அதிகம். பட்டச் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பை இங்கிருந்தே தயார் செய்துகொண்டு போங்கள்.

வருமான வரியைவிட அங்கே ஃப்ரீலான்சரைத் திணறடிப்பது மருத்துவக் காப்பீடுதான். சம்பளக்காரருக்கு முதலாளி பாதி கட்டுகிறார். உங்களுக்கு முழுவதும் உங்கள் பணம். அரசுவழிக் காப்பீட்டில் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்தால் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 50,000 யூரோ லாபம் ஈட்டும் தனியாளுக்குக் காப்பீடும் வரியுமாகச் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலாகவே போய்விடும். ஐரோப்பாவில் ஏற்கெனவே காப்பீட்டில் இல்லாத வெளிநாட்டவர் சுயதொழில் செய்பவராக அரசுவழிக் காப்பீட்டில் சேர்வதும் சுலபமில்லை. தனியார் காப்பீடு இளம் வயதில் மலிவாகத் தெரியும், வயது ஏற ஏற ஏறும்.

எழுத்தாளர், வடிவமைப்பாளர், இசைக்கலைஞர், பத்திரிகையாளர் என்றால் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் க்யூன்ஸ்ட்லர்சோசியால்காஸ. கலைஞர்களுக்கான சமூகக் காப்பீட்டு அமைப்பு அது. அதில் சேர்ந்துவிட்டால் மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் உங்கள் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும், அரசுவழிக் காப்பீட்டுக்கும் கதவு திறக்கும். ஆண்டு லாபம் 3,900 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும். இந்த ஒரு அமைப்புக்காகவே கலைத்துறைக்காரர்கள் ஜெர்மனியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

மேலும் ஒன்று. ஒரே கிளையன்ட்டுக்கு முழுநேரமும் வேலை செய்தால், அது பெயரளவிலான சுயதொழில் என்று அங்கே கேள்வி எழும். இந்தியாவில் ஒரே நிறுவனத்திடம் மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்பிப் பழகியவர்கள் போவதற்கு முன்பே இரண்டு மூன்று கிளையன்ட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கட்டிவிட்டு ஏன் ஜெர்மனிக்குப் போக வேண்டும்? பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி, சில ஆண்டுகள் கழித்து நிரந்தரக் குடியிருப்பு, அதன்பின் குடியுரிமை என்று வழி நீள்கிறது. துபாயில் சாதாரண விசாவோடு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசாவே செல்லாமல் போகலாம். எது மேல் என்பது உங்கள் வயதையும் பிள்ளைகளின் வயதையும் பொறுத்தது. 28 வயதில் ஐந்தாண்டு உழைத்துச் சேமிக்க நினைப்பவருக்குத் துபாயைத்தான் சொல்வேன். பள்ளி வயதுப் பிள்ளைகளோடு போகிறவருக்கு, அதுவும் கிளையன்ட்கள் ஐரோப்பாவில் இருந்தால், ஜெர்மனியைத்தான் சொல்வேன்.

படி 5: பணம் வரும் வழி

இந்தியாவில் பேபால் உள்நாட்டுப் பரிவர்த்தனையை 2021இல் நிறுத்தியது. ஸ்ட்ரைப்பில் புதியவர்கள் அழைப்பு இருந்தால்தான் சேர முடிகிறது. போகும் நாட்டில் இவை கிடைக்குமா, உங்கள் வகை அனுமதிக்கு வங்கி வணிகக் கணக்கு திறக்குமா என்பதை விசாவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அமெரிக்க கிளையன்ட் இருந்தால் புது முகவரியோடு டபிள்யூ-8பிஇஎன் (அமெரிக்கர் அல்லாதவர் என்று காட்டும் வரிப் படிவம்) படிவத்தைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உட்கார்ந்து செய்த வேலைக்கு அங்கே வரி பிடிக்கத் தேவையில்லை.

இந்திய கிளையன்ட்களோடு பேச வேண்டியது அதிகம். இதுவரை 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தவர்கள், நீங்கள் வெளிநாட்டுவாசி ஆனதும் வேறு விதியின்படி பிடிக்க வேண்டும். தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்றால் 20 சதவீதமும் அதன் மேல்வரிகளும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி ஜெர்மனியில் வசிப்பவருக்கு 10 சதவீதமாகக் குறையும். இந்தச் சலுகையைக் கேட்க அந்த நாட்டு வரித்துறை தரும் வசிப்புச் சான்றிதழ் வேண்டும். சிறிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு இந்தக் காகித வேலைக்குப் பயந்தே கிளையன்ட் உறவை முடித்துக்கொள்வதுண்டு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பேசி, என்னென்ன படிவம் வேண்டும் என்று நீங்களே அனுப்பிவையுங்கள்.

படி 6: கிளம்பும் தேதி

இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்பும் இந்தியர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், அந்த ஆண்டுக்கு வெளிநாட்டுவாசி ஆகிறார். சொந்தத் தொழிலுக்காகப் போவதும் இதில் சேரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011இல் ஏற்றது. இடையில் வேறு பயணம் இல்லாதவர் செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறினால் கணக்கு சரியாக வரும். நவம்பரில் போனால், மார்ச் வரை வெளிநாட்டில் சம்பாதித்ததையும் இந்தியாவில் காட்ட வேண்டும். துபாய்க்குப் போகிறவருக்கு இது நேரடி நஷ்டம், அங்கே கட்டாத வரியை இங்கே கட்ட நேரும். ஜெர்மனிக்குப் போகிறவர் அங்கே கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம், அலைச்சல் மட்டும் மிச்சம்.

துபாய்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று உண்டு. எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனின் இந்திய வருமானம் ஆண்டுக்கு 15 லட்சத்தைத் தாண்டினால், ஒரு நாள்கூட இந்தியாவில் இல்லாவிட்டாலும் அவரை இந்திய வாசியாகக் கருதலாம். இந்தியாவில் நிறுவிய தொழிலின் வெளிநாட்டு வரவும் இந்த 15 லட்சக் கணக்கில் சேரும். பழைய தனியுரிமைத் தொழிலை இந்தியாவில் அப்படியே ஓடவிட்டுத் துபாயில் இருந்து நடத்துவது ஆபத்தாவது இதனால்தான். கிளம்பும்போது இந்தியத் தொழிலை முறையாக மூடி, ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து, புது ஒப்பந்தங்களைப் புது நாட்டு அனுமதியின் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள். 15 லட்சத்தை நெருங்குகிறவர்கள் வெளிநாட்டு வரி தெரிந்த ஆடிட்டர் ஒருவருக்குப் பணம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்வது நல்லது. வழக்கமாக ரிட்டர்ன் போடுபவர் எல்லோருக்கும் இது பழக்கமிருக்காது.

வங்கியில் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வரவுக்கான கணக்கு) மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு தனியே திறக்க வேண்டும், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. இவற்றை அங்கே போய்ச் செய்வதைவிட, விசா வந்த வாரத்தில் உங்கள் கிளைக்கே நேரில் போய் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுவிட்டால், தூதரகச் சான்றொப்பத்துக்காக அலைய வேண்டியிருக்காது.